இரண்டு பொட்டு வைத்த பிரேக்கர்

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பழைய பிரேக்கரை வைத்திருக்கிறேன். வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்குமே, அவற்றின் அண்ணன் என்று சொல்லலாம். உள்ளங்கை நிறைய உட்காரும், நல்ல கனம். முகப்பில் ஒட்டிய தாள் மஞ்சளடித்துவிட்டது. அதில் ‘ஸ்பேர்’ என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது இதில் எதுவும் இணைக்கப்படவில்லை, சும்மா இருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடிக்கு மேலே ஒரு சந்தனப் பொட்டு, கீழே ஒரு சந்தனப் பொட்டு. யாரோ ஈரத்துணியால் துடைத்ததில் குங்குமம் போய்விட்டது. பிளாஸ்டிக்கின் கோடுகளுக்குள் புகுந்த சந்தனம் மட்டும் வெள்ளையாகக் காய்ந்து நிற்கிறது. யார் துடைத்தது என்று தெரியாதவன் போல எழுதிவிட்டேன். துடைக்கச் சொன்னது நான்தான்.

அந்தப் பொட்டுகளை வைத்தவர் காரைக்காலில் எங்கள் டேட்டா சென்டரில் மின் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே எல்லாரும் அவரை ‘சூப்பர்வைசர் அம்மா’ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மண்டபத்தூரில் படகு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் மின்துறை படித்து, கல்யாணமாகித் தலத்தெருவில் குடியிருந்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். அவரை நான் மூன்று வாரம் சந்தேகப்பட்டேன். அந்த மூன்று வாரத்தில் நடந்ததை இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவன். கடைக்காரர் தராசைத் தொட்டால் அவர் விரலைப் பார்க்கிறவன். அம்பகரத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, அம்மன் சன்னிதியில் நின்று கும்பிடும்போதுகூட நான் வாசலில் விட்ட செருப்பையே திரும்பித் திரும்பிப் பார்ப்பதாக ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அலுவலகத்தில் இந்தக் குணத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ‘கவனமான ஆள்’ என்றார்கள். புதுச்சேரித் தலைமை அலுவலகத்தில் எங்கேயாவது ஏதாவது சரியில்லை என்று பட்டால் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

டேட்டா சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காரைக்காலில் எங்களுடையது ஒரு மாடிக் கட்டடம். உள்ளே ஒரு குளிரூட்டிய கூடம், அதில் ஆளுயர இரும்பு அலமாரிகள், ஒவ்வொரு அலமாரியிலும் யாரோ ஒருவருடைய கணினிகள். ஒரு மருத்துவமனை, இரண்டு கல்லூரிகள், சில கம்பெனிகள் தங்கள் பதிவுகளை அங்கே வைத்திருந்தன. இந்தக் கணினிகள் ஒரு நொடிகூட அணையக் கூடாது. அதனால் மின்சாரம் இரண்டு வழியில் வரும். ஏ வழி, பி வழி என்று பெயர். ஒவ்வொரு வழிக்கும் தனியாகப் பிரேக்கர்கள் வரிசையாக உள்ள ஒரு பேனல், தனியாக ஒரு யு.பி.எஸ்., தனியாக ஒரு பேட்டரி வரிசை. ஒன்று போனால் மற்றொன்று தாங்கும். ஏற்பாடெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாம் போட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. கடலோர உப்புக் காற்று பேனல் கதவுகளைத் தின்றிருந்தது. பி வழிப் பேட்டரிகளில் பாதி, வயிறு உப்பிக் கிடந்தன. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் புதிதாக வைப்பது என்று முடிவானது. அந்த வேலைக்குப் பொறுப்பாளனாக ஒரு தை மாதம் நான் போய்ச் சேர்ந்தேன்.

புறப்படும் முன் எங்கள் மேலாளர் கதவைச் சாத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னார். முந்தைய மழைக்காலத்தில் அங்கே இரண்டு முறை காரணம் தெரியாமல் மின்சாரம் தடுமாறியிருந்தது. புது எந்திரங்கள் வந்துவிட்டால் எல்லாவற்றையும் புதுச்சேரியிலிருந்தே திரையில் பார்த்துக்கொள்ளலாம், அங்கே இருக்கிற ஆறு பேரில் நான்கு பேர் தேவைப்படமாட்டார்கள். இது அவர்களுக்கும் தெரியும். “உள்ள இருக்கிற யாரோ வேலை காட்டுறாங்கன்னு நெனைக்கிறேன். கண்ணு வச்சுக்குங்க” என்றார். என்னைப் போன்றவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. அக்கா வீட்டில் தங்கி, தினமும் காலையில் அம்பகரத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போவேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் முழுக்க ஆறு பேரையும் ஒவ்வொருவராக மனதுக்குள் நிறுத்திவைத்து விசாரித்துக்கொண்டு போவேன்.

சூப்பர்வைசர் அம்மாவின்மீது சந்தேகம் விழ எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. பேனல் அறைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது பொட்டுகள்தான். ஆயுத பூஜைக்கு எந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எல்லா இடத்திலும் உள்ளது. பேருந்து, லேத், தராசு எதுவும் தப்பாது. ஆனால் இங்கே பூஜை முடிந்து மூன்று மாதத்துக்கு மேலாகியும் பொட்டுகள் அச்சடித்தது போல் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பிரேக்கருக்கும் ஒரு பொட்டு. ஏ பேனலில் மட்டும் நான்கு பிரேக்கர்களுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு பொட்டு. யார் வைத்தது என்று கேட்டேன். வாசலில் காவலுக்கு இருந்த பெரியவர் பெருமையாகச் சொன்னார், வருடா வருடம் சூப்பர்வைசர் அம்மாதான் வைக்கிறார்களாம், வேறு யாரையும் தொட விடமாட்டார்களாம். நெற்றியில் பொட்டு வைக்காத பெண்மணி, கழுத்தில் சிலுவை தொங்குகிறது, இரும்புப் பெட்டிக்கு மட்டும் இவ்வளவு அக்கறையாகப் பொட்டு வைப்பானேன் என்று எனக்குள் ஒரு மணி அடித்தது. மற்றவர்கள் பண்டிகைக்கு வீட்டுக்குப் போகட்டும் என்று அன்றைக்கு அவர் டியூட்டி பார்ப்பது அங்கே வழக்கம், அவர்கள் கிறிஸ்துமஸுக்குப் பதிலுக்குப் பார்ப்பார்கள். இதையும் காவலர்தான் சொன்னார். நான் அதில் ‘அன்றைக்கு அவர் தனியாக இருக்கிறார்’ என்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த இரட்டைப் பொட்டுப் பிரேக்கர் நான்கிலும் ‘ஸ்பேர்’ என்றுதான் தாள் ஒட்டியிருந்தது. ஆனால் நான்கும் போட்ட நிலையில் இருந்தன. சும்மா இருப்பதாக எழுதிய பிரேக்கரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப்படி ஏ வழியில் இருக்க வேண்டிய பளுவைவிட மீட்டர் கூடுதலாகக் காட்டியது. யாரோ வெளியே மின்சாரம் திருடிக் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குளிர்பானக் கிடங்கு இருந்தது. அன்று மாலையே சோடா வாங்குகிற சாக்கில் அங்கே போய், குடித்துக்கொண்டே சுவரில் ஒயர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் பார்த்ததுகூட எனக்கு ஒரு சாட்சியாகத்தான் பட்டது.

சூப்பர்வைசர் அம்மாவிடம் நேரடியாகக் கேட்காமல் இல்லை. அந்த நான்கில் என்ன ஓடுகிறது என்று மறுநாள் கேட்டேன். சாதாரணமாக எதைக் கேட்டாலும் பளிச்சென்று பதில் சொல்கிறவர், அன்றைக்கு ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். “அது ஓடிக்கிட்டு இருக்குங்க சார். அதுல மட்டும் கை வைக்காதீங்க” என்றார். பிறகு, வேலையைத் தொடங்கும்போது பி வழியை முதலில் மாற்றிவிட்டு ஏ வழியைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் நல்லது என்றார். ஏன் என்றேன். ஏ மேல் பாரம் அதிகம் என்றார். அது எனக்கே தெரியும், அந்தப் பாரம் எங்கே போகிறது என்பதுதானே என் கேள்வி. நான் திட்டத்தை மாற்றவில்லை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தயாராக இருந்தார்கள், ஏ வழிக்கான பேனல்தான் முதலில் வந்து இறங்கியிருந்தது. இரண்டாவது முறை, சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து அதையே சொன்னார். பார்க்கலாம் என்றேன். மூன்றாவது முறை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூடவே வந்தார். “சார், ஒரு அரைமணி நேரம் தனியா பேசணுங்க. பி-யை மொதல்ல எடுத்துடுங்க, மத்தத நான் சொல்றேன்” என்றார். தனியாக என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த காவல்காரன் விறைத்துக்கொண்டான். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அவர் எழுத்தில் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அதற்கடுத்த வாரம் பழைய பதிவேட்டைக் கணினியில் புரட்டினேன். எந்தப் பிரேக்கர் எப்போது அணைந்தது, எப்போது வந்தது என்று எல்லாம் தானாகவே அதில் பதிந்திருக்கும். ஆறு வருடப் பதிவு. வருடத்துக்கு ஒரே ஒரு நாள், ஆயுத பூஜையன்று, ஒவ்வொரு பிரேக்கரும் வரிசையாக ஒரு நிமிடம் அணைந்து மறுபடி வந்திருந்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் அதற்கடுத்தது. ஒருவர் நின்று நிதானமாக அணைத்துப் போட்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றே மேலாளருக்கு எழுதினேன். மாற்று வேலை முடியும்வரை சூப்பர்வைசர் அம்மா உள்ளே வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அவருடைய நுழைவு அட்டையை நானே வாங்கி வைத்தேன். அவர் அட்டையின் கயிற்றைச் சுற்றி மடித்து என் கையில் கொடுத்தார். அதன் பிறகு, பழைய பேனல்களை மாற்றுவதற்கு முன் படம் எடுத்துவைக்க வேண்டும் என்று துடைக்கச் சொன்னேன். பேனல்களில் இருந்த பொட்டுகள் போயின. கூடத்தின் தரையில், பெயர்த்தெடுக்கக்கூடிய சதுரக் கற்களில் சில இடங்களில் இருந்த பொட்டுகளும் போயின. தரைக்கு எதற்குப் பொட்டு என்று நான் யோசிக்கவே இல்லை.

வேலைக்குக் குறித்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரைக்கு ஏ வழியை அணைப்பது என்று ஏற்பாடு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கூடத்தில் பெரும்பாலான கணினிகளுக்கு இரண்டு ஒயர், ஒன்று ஏ-யில், ஒன்று பி-யில். ஏ போனால் பி-யில் ஓடும். பழைய காலத்துக் கணினிகள் சிலவற்றுக்கு ஒரே ஒயர்தான், அவை நான்கு அலமாரிகளில் இருந்தன. அந்த நான்கும் பி-யில் இருப்பதாக வரைபடமும் சொன்னது, ஒட்டியிருந்த தாளும் சொன்னது. ஆகவே ஏ-யை அணைத்தால் உள்ளே எதற்கும் கெடுதல் வராது. வெளியே திருடுகிறவன் வீட்டு விளக்குதான் அணையும். அந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாது என்று காவலரைப் பின்பக்கம் நிறுத்தி, கிடங்கில் விளக்கு அணைகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு அவர் போன் செய்தார். “சார், சூப்பர்வைசர் அம்மா கேட்டுல வந்து நிக்கிறாங்க. உள்ள விடவாங்க?” என்றார். விட வேண்டாம் என்றேன். பிறகு, பின்பக்கத்தை விட்டு ஏன் கேட்டுக்குப் போனீர்கள் என்று அவரை வேறு கடிந்துகொண்டேன்.

ஏ-யை அணைத்தோம். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மளமளவென்று பேனலின் செப்புப் பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கிடங்கில் விளக்கு எரிகிறது என்று காவலர் சொன்னார். நன்றாகப் பாருங்கள் என்றேன். அப்போதுதான் கூடத்துக்குள்ளிருந்து ஒரு பையன் ஓடிவந்து, ஓரத்தில் நான்கு அலமாரி இருட்டாகிவிட்டது என்றான். ஒரு நிமிடத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நோயாளிகளின் பதிவு எதுவும் திறக்கவில்லை, அவசரப் பிரிவில் மூச்சுத் திணறலோடு வந்த ஒருவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று பார்க்க முடியவில்லை, எப்போது வரும் என்று கேட்டார்கள். ஏ-யை உடனே திரும்பப் போட வழியில்லை, பட்டைகள் கழன்று தரையில் கிடந்தன. அந்த நான்கின் ஒயரையும் பி-க்கு மாற்ற வேண்டும். ஆனால் தரைக்கடியில் நூற்றுக்கணக்கான ஒயர்கள் பின்னிக்கிடந்தன, எதில் எது என்று சொல்ல வேண்டிய தாள்களெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. அடுத்து என்ன என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கேட்டை நோக்கி ஓடினேன்.

அவர் அங்கேயே நின்றார். காலைப் பூசை முடிந்து அப்படியே வந்திருக்கிறார், முக்காடுகூட இறங்கவில்லை, கையில் ஜெபப் புத்தகம். “ஏ-யை எடுத்துட்டீங்களா சார்?” என்றார். தலையசைத்தேன். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். பேனல் அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். பளபளவென்று துடைத்துவைத்த பேனலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பொட்டு எங்க சார்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்துக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவிலிருந்து ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் தப்பாகிவிட்டது, திரும்பக் கதவுக்கு வந்து முதலிலிருந்து எண்ணினார். மூன்று கற்களைப் பெயர்க்கச் சொல்லி, முழங்கால் போட்டு உள்ளே கையை விட்டு, மருத்துவமனை அலமாரியின் ஒயரை முதலில் எடுத்தார். அதை பி-யில் போடுவதற்கு முன், ஜெனரேட்டரை ஓடவிட்டு பி வழியை அதில் மாற்றச் சொன்னார். “பி பேட்டரி ஒரு நிமிசம்கூடத் தாங்காதுங்க. லைன் போனா எல்லாமே போயிடும்” என்றார். பிறகு மற்ற மூன்று. மொத்தம் நாற்பது நிமிடம். மருத்துவமனையிலிருந்து அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னபோது அவர் எழுந்து சுவரோரம் போய் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். புடவை முழுக்க முழங்காலில் தூசி.

மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். பி வழிப் பேட்டரிகள் கெட்டுப்போய் வருடங்களாகிவிட்டன. மழைக்காலத்தில் மின்சாரம் தடுமாறியதற்கு அதுதான் காரணம். தலைமை அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. ஒரே ஒயர் உள்ள அலமாரிகள் அந்தக் கெட்ட பேட்டரியை நம்பி நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவற்றை ஏ வழிக்கு மாற்ற வேண்டுமென்றால் ஒரு நிமிடம் அணைக்க வேண்டும். அணைக்க அனுமதி கேட்டால் மருத்துவமனை சம்மதிக்காது, எங்கள் அலுவலகமும் சம்மதிக்காது, ஆறு கையெழுத்து வேண்டும். ஆனால் ஆயுத பூஜைக்கு ஒரு நிமிடம் எந்திரத்துக்கு ஓய்வு கொடுத்துப் பொட்டு வைக்க வேண்டும் என்றால் யாரும் மறுப்பதில்லை. மருத்துவமனைக்காரர்களே, நல்லா செய்யுங்கம்மா, நாங்களும் இங்க கும்பிடுறோம் என்றார்களாம். அந்த ஒரு நிமிடத்தில் ஒயரை மாற்றினார். மாற்றியதற்கு அடையாளமாக இரண்டு பொட்டு, ஒயர் போகும் தரைக்கல்லிலும் ஒன்று. அதன் பிறகு வருடா வருடம் அதே நாளில் ஒவ்வொரு பிரேக்கராக அணைத்து, எது எங்கே போகிறது என்று சரிபார்த்துப் பொட்டைப் புதுப்பித்தார். தாளை மாற்றலாமே என்றேன். தாளை மாற்ற வேண்டுமென்றால் அனுமதியில்லாமல் ஒயரை மாற்றியதை எழுதிக் கொடுக்க வேண்டும். “எழுதிக் கொடுத்தா வேலை போயிடும் சார். அதான் உங்ககிட்ட வாயால சொல்லிடலாம்னு பாத்தேன்” என்றார். பி-யை முதலில் புதிதாக்கியிருந்தால், அந்த நான்கையும் அதற்கு மாற்றிவிட்டு ஏ-யை நிம்மதியாக அணைத்திருக்கலாம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பெண் ஆறு வருடமாகச் சரஸ்வதியின் பெயரால் மின்சோதனை நடத்தியிருக்கிறார். நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் அன்றைக்கு நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

அவர் எதையோ மறைக்கிறார் என்று நான் நினைத்தது பொய்யில்லை. மறைத்தார்தான். எனக்கு மனிதர்மேல் சந்தேகம், அவருக்கு ஒயர்மேல் சந்தேகம். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மருத்துவமனை இருட்டாக வேண்டியிருந்தது.

மறுநாள் நான் அறிக்கை எழுத வேண்டும். அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஏ வழியை அணைத்ததும் நான்கு அலமாரிகள் அணைந்தன என்று எழுதினேன். அவற்றின் ஒயர்களைச் சூப்பர்வைசர் அனுமதியில்லாமல் மாற்றியிருந்தார், தாள்களைத் திருத்தவில்லை என்று எழுதினேன். அவரே வந்து நாற்பது நிமிடத்தில் சரிசெய்தார் என்றும் எழுதினேன். பேட்டரி பற்றி அவர் அனுப்பிய கடிதங்களையும் குறிப்பிட்டேன். பிறகு பேனாவை வைத்துவிட்டேன். பி-யை முதலில் மாற்றுங்கள் என்று அவர் மூன்று முறை சொன்னதை எழுத வேண்டும். எழுதினால் கேட்காதது யார் என்று அடுத்த கேள்வி வரும். காப்பி கொண்டுவந்த அக்கா, “என்னடா, யாரோ திருடுனாங்கன்னியே, புடிச்சிட்டியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த வாக்கியத்தை எழுதாமலே அறிக்கையை அனுப்பினேன்.

அவருடைய ஒப்பந்தத்தை அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. அனுமதியின்றி மாற்றம் செய்தவர் என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்தது. எனக்குப் பதவி உயர்வு எதுவும் வரவில்லை, கண்டிப்பும் வரவில்லை. மாற்று வேலை நல்லபடியாக முடிந்தது. பழைய சாமான்களை லாரியில் ஏற்றும்போது இரட்டைப் பொட்டுப் பிரேக்கர் நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்துக் காரைக்கால் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று நினைப்பதற்குள் அவரே பார்த்துவிட்டார். நல்லா இருக்கீங்களா சார் என்றார். ஒரு ஐஸ் பிளான்டில் மின்வேலையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், சம்பளம் குறைவு, வீட்டுக்குக் கிட்டே என்றார். புதுப் பேனல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எல்லாம் புதுச்சேரியிலிருந்தே திரையில் தெரிகிறது, ஒவ்வொரு பிரேக்கரிலும் என்ன ஓடுகிறது என்று பெயரோடு காட்டும் என்றேன். “யாராவது ஒரு தடவ நிறுத்திப் பாத்தாங்களா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் அந்தப் பழைய சந்தேகம் வந்து போனது. பஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று, என் அறிக்கையைப் பார்த்தீர்களா என்றேன்.

“காட்டுனாங்க சார். படிச்சேன்” என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லைங்க” என்றார். தலத்தெருப் பக்கம் போகிற பஸ் வந்தது. வரேங்க சார் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இப்போது அங்கே ஆயுத பூஜைக்குப் பேனல் அறைக் கதவில் ஒரு மாலை போட்டுப் படம் எடுத்து அலுவலகக் குழுவில் அனுப்புகிறார்கள். உள்ளே பொட்டு வைப்பதில்லை, புதுப் பேனலில் கறை படியும் என்று உத்தரவு. எந்தப் பிரேக்கரும் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுப்பதில்லை. திரையில் எல்லாப் பெயர்களும் பச்சையாக எரிகின்றன, மேலாளர் திருப்தியாக இருக்கிறார். நான் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நம்ப முடியவில்லை. நிறுத்திப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை.

மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடக்கும்போதெல்லாம் இந்தப் பிரேக்கரை எடுத்து அதன்மேல் வைக்கிறேன். ‘ஸ்பேர்’ என்ற தாள் மேலே தெரிகிறது, இரண்டு பொட்டும் தெரிகின்றன. இன்றைக்கு அதன் அடியில் இருப்பது அந்த அறிக்கையின் நகல். அதில் இல்லாத வாக்கியத்தை இங்கே எழுதிவிடுகிறேன்: பி வழியை முதலில் மாற்றச் சொல்லிச் சூப்பர்வைசர் என்னிடம் மூன்று முறை கேட்டார், நான் கேட்கவில்லை.